பச்சை பட்டன்

அவள் ஃபோனில் அந்தப் பச்சை பட்டன் வரவே வராது. வர வழியே இல்லை. எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று எழுதி வைத்தவனே நான்தான். என்னிடமே வந்து, அந்தப் பச்சை பட்டன் நல்லா எடுப்பா இருக்குதுங் மாமா என்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். நானும் ம் என்று கேட்டுக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன், அப்புறம் பல் தேய்க்கும்போதுதான் சுருக்கென்றது. எந்தப் பச்சை பட்டன்? அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறேன். மண்டபத்துக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார், தம்பி, எல்லாமே மேலயே தெரியோணும், போட்டோ, வாடகை, பந்தியில எத்தன பேரு உக்காரலாம், காரு நிறுத்தற எடம், எல்லாமே. கம்ப்யூட்டரில் தெரியும், அங்கே அகலம் இருக்கிறது, மூன்று பத்தியாகப் பிரித்துப் போட்டேன். ஃபோனில் எப்படித் தெரியும்? அங்கே எல்லாம் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்க வேண்டும், மேலே இருக்கிற மெனு மூன்று கோடாக மடங்கிக்கொள்ள வேண்டும், படங்கள் சுருங்கிக்கொள்ள வேண்டும். அதைவிடவும் சின்ன ஃபோன் என்று ஒன்று உண்டு. இப்போது யாரும் வாங்குவதில்லை, ஆனாலும் எவனாவது ஒருவன் எங்காவது வைத்துக்கொண்டிருப்பான் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஒரு பயம். அதில் மெனுவுக்கே இடம் கிடையாது. அதனால் அந்த அகலத்துக்கு மட்டும் பாதியை மறைத்துவிட்டு, அடியில் பட்டையாக, இங்கே அமுக்கிக் கூப்பிடுங்கள் என்று ஒரு பச்சை பட்டன் வைத்தேன். என் ஃபோனில் அது வராது. மண்டபத்துக்காரர் ஃபோனில் வராது. எங்கள் போன கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த, கோகிலாவின் கைக்குள் அடங்காத, அவ்வளவு பெரிய ஃபோனில் வரவே வராது. அப்படியானால் எந்த ஃபோனில் பார்த்தாள்?

இப்போது மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமையென்றால் இரண்டு வாளித் துணி. தலைக்கு மேலே வாளி இழுபடுகிற சத்தம் கேட்கிறது, ஈரத்துணியை உதறுகிற சத்தம், அப்புறம் நடை, அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் எனக்கு ஆகவில்லை. உதறினால் கொடியில் போட வேண்டும், போட்டால் கிளிப் மாட்ட வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நடுவில் ஏன் நிற்கிறாள்? ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் ஃபோன். அப்படித்தான் போனாள். ஃபோன வெச்சுட்டுப் போயேன், நனஞ்சு தொலையும் என்றேன். படி இருட்டாக் கெடக்குதுங் மாமா, டார்ச்சுக்கு வேணும் என்றாள். பட்டப் பகலில் டார்ச். எங்கள் மாடிப்படியில் ஜன்னல் இல்லை, வாஸ்தவம்தான், ஆனால் இந்த அப்பார்ட்மெண்டில் நாங்கள் குடிவந்து நான்கு வருஷமாகிறது, இத்தனை நாள் எந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்? பருப்பு அடுப்புல இருக்குது, மூணு சத்தம் வந்தா நிறுத்திருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று வந்தது. அடுத்தது வந்ததா, இல்லை அது எதிர்வீட்டுக் குக்கரா என்று குழம்பிவிட்டது. எதிர்வீட்டில் டிவியில் யாரோ அழுகிறார்கள். நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மண்டபத்துப் பக்கத்தை ஓரத்தில் பிடித்து இழுத்து அகலப்படுத்துகிறேன், குறுக்குகிறேன், அகலப்படுத்துகிறேன். குறுக்கக் குறுக்க மண்டபம் ஒடுங்குகிறது, மணமேடைப் படம் ஒடுங்குகிறது, மெனு மடங்குகிறது, வாடகைப் பட்டியல் கீழே போகிறது. இன்னும் குறுக்கினால், தீப்பெட்டி போல ஆன பிறகு, அப்போதுதான் பட்டென்று அடியில் பச்சை வருகிறது. அப்போதுதான். அதற்கு ஒரு நூல் முன்னால்கூட வராது.

அகலம் பொய் சொல்லாது. என் தொழிலில் நான் நம்புகிற ஒரே விஷயம் அது. ஆட்கள் பொய் சொல்வார்கள், எங்க ஃபோன்ல பக்கமே தொறக்கல என்று அடித்துச் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் நெட் பேக் தீர்ந்திருக்கும். ஆனால் எந்தத் திரையாக இருந்தாலும் பக்கத்தைத் திறந்த உடனே தன் அகலம் இவ்வளவு என்று சொல்லிவிடும், அதை வைத்துத்தான் பக்கம் தன்னை மாற்றிக்கொள்கிறது. யார் எப்போது எந்த அகலத்தில் திறந்தார்கள் என்று எனக்குப் பின்னால் ஒரு கணக்கு விழும். வெள்ளிக்கிழமை காலையில் அதை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்தைத் திறந்தது ஒரே ஒரு ஆள், திறந்தது எங்கள் வீட்டு வைஃபையில், அகலம் முந்நூற்றிருபது புள்ளி. கோகிலாவின் ஃபோன் நானூற்றுக்கு மேலே. முன்பெல்லாம் எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்றுகூட அந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும், இப்போது ஃபோன்களும் அதைச் சொல்வதில்லை, எல்லாரும் எதையாவது மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆக, இந்த வீட்டுக்குள் ஒரு சின்ன ஃபோன் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருக்கிறது, என் வைஃபையிலேயே இருக்கிறது. தப்பு செய்கிறவர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன், பெரிய பெரிய விஷயத்தையெல்லாம் மூடி வைத்துவிட்டு, புருஷனை சந்தோஷப்படுத்த ஒரு வார்த்தை சொல்லப் போய் மாட்டிக்கொள்வார்கள். இதில் என்ன வேடிக்கையென்றால், எது செய்தாலும் கொடுப்பதற்கு முன்னால் கோகிலாவிடம் காட்டுவது என் வழக்கம். ஆபீசில் டெஸ்ட் பண்ணுவதற்கென்றே ஆள் உண்டு, அவன் ஆயிரம் சொல்லட்டும், கோகிலா பார்த்து நல்லாருக்குதுங் மாமா என்று சொன்னால்தான் எனக்கு ஒப்பும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். ஒரு தடவைகூட நல்லா இல்லை என்று சொன்னதில்லை. இப்போது அதுவும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு பீரோவைத் திறந்து தேடினேன். கேவலம்தான். சேலைகளுக்கு நடுவில் கையை விட்டு விட்டு எடுத்தேன், எதையும் கலைக்காமல், ஏதோ நான்தான் திருட வந்தவன் போல. மஞ்சள் பட்டு, கல்யாணச் சேலை, ரவிக்கைத் துணி, நாப்தலின் வாசனை. ஃபோன் இல்லை. கைக்குட்டையில் சுற்றி ஒரு பூதக்கண்ணாடி இருந்தது, கைப்பிடி வைத்தது, புதுசு. அவள் ஒரு சாயப்பட்டறை ஆபீசில் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தாள். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்புவான், இதே நிறம் வேண்டும் என்பான், சாயம் போட்டு வருகிற ஒவ்வொரு லாட்டையும் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆகும், ஆகாது என்று சொல்ல வேண்டும். நானெல்லாம் பார்த்தால் இரண்டும் ஒரே நீலம்தான். அவள், இது கொஞ்சம் செவப்படிக்குது பாருங்க என்பாள். அதற்குத்தான் கண்ணாடி என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், அவள் இப்போது அந்த வேலையில் இல்லையே. போன மாசத்திலிருந்து அவளை முன்னால் ஃபோன் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மேனேஜர் ரங்கராஜ் சார் மாத்திக் குடுத்துட்டாருங், அலைச்சல் இல்ல என்றாள். ரங்கராஜ் சார். முன்பெல்லாம் அந்தப் பெயர் வீட்டில் வந்ததே இல்லை, வந்தாலும் உர் என்று இருப்பாரு, எதுக்கெடுத்தாலும் வள்ளுனு விழுவாரு என்றுதான் வரும். இப்போது சார் நல்லவருங் மாமா என்று வருகிறது. வள்ளென்று விழுகிற மனுஷன் ஒரு பெண்ணுக்கு மட்டும் எதற்கு நல்லவன் ஆகிறான், அலைச்சல் இல்லாத நாற்காலி எதற்குக் கொடுக்கிறான்? அப்புறம் வேலையே இல்லாத பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிச் சேலைக்குள் எதற்கு வைக்க வேண்டும்? அது யார் வாங்கிக் கொடுத்தது? பூதக்கண்ணாடியை யாரும் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் கேள்வி போக மாட்டேன் என்கிறது.

மேலே இன்னும் சத்தமில்லை. அவள் என்னைப் பார்ப்பதில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், ஏழு வருஷம் ஆன பெண்டாட்டி எதற்குப் பார்க்கப் போகிறாள் என்பார்கள், அப்படிச் சொல்லவில்லை. பேசும்போது மூஞ்சியைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆடி மாசத்தில் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். நான் ஏதாவது சொன்னால் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே, சுவரை, காலண்டரைப் பார்க்கிறாள். முதலில் என் காதில் ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை, என் காது என் காதாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் அவள் பார்வை அப்படியா? பெண் பார்க்கப் போனபோதே நேருக்கு நேர் பார்த்தாள், திரும்பி வரும்போது எங்கள் அம்மா வழிநெடுக, புள்ள கொஞ்சம் தெகிரியந்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கண் எங்கே போனது? மனசில் ஏதாவது இருக்கிறவர்கள்தான் மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள். சின்ன வயதில் பொய் சொன்னால் எங்கள் அப்பா, என்னையப் பாத்துச் சொல்லு என்பார், அந்த நிமிஷம் கண் தானாகச் சுவருக்குப் போகும். அதே சுவர்தான். அது மட்டுமா, காபி கொண்டுவந்தால் டம்ளரை நான் நீட்டுகிற கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கிறாள். விரல் படக் கூடாது என்றா? ஸ்கூட்டியை எடுப்பதே இல்லை, பஸ்ஸில் வந்துக்கறனுங் என்கிறாள். பஸ் என்றால் லேட் ஆகும், லேட் ஆனால் யாரும் கேட்க முடியாது. அப்புறம் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டாள், தலைவலிக்குது என்கிறாள். ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வருகிறது. இடம் போதாமல் போனால் எதை மறைப்பது என்று முடிவு செய்வதுதான் நான் சம்பளம் வாங்குகிற வேலை, எனக்கா தெரியாது? மறைப்பதென்றால் அழிப்பது இல்லை. அது உள்ளேதான் இருக்கும், எல்லா எழுத்தும் எல்லாப் படமும் பக்கத்துக்குள்ளேயே இருக்கும், பார்க்கிறவனுக்கு மட்டும் காட்டாது. இன்னொரு அகலத்தில், இன்னொரு ஆளுக்கு, எல்லாம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் நினைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். குமரன் ரோட்டில் ஒரு வேலையாகப் போயிருந்தேன், வெயில் மண்டையைப் பிளந்தது, எதிர்ப்பக்கம் பேக்கரி வாசலில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் நேரத்தில் இங்கே எதற்கு என்று நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ரோட்டில் திடீரென்று சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்தால் ஏனோ புதுசாக இருக்கும். கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள், நேராக என் மேலேதான் அவள் கண் இருந்தது, நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். பார்த்துவிட்டு, யாரோ மூன்றாம் மனுஷனைப் பார்த்த மாதிரி சும்மா இருந்தாள். என் கை மேலேயே நின்றது. அப்புறம் ஒரு வெள்ளைக் கார் வந்தது, முன்பக்கத்திலிருந்து ரங்கராஜ் இறங்கினான், அந்த மீசையை ஆபீஸ் ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறேன், அவள் முழங்கையைப் பிடித்துப் பின் கதவைத் திறந்து உட்கார வைத்தான். பிடித்துத்தான். கார் கோயமுத்தூர்ப் பக்கம் போனது. நான் ஆட்டிய கையைத் தலை சொறிவது போலக் கீழே இறக்கினேன், பக்கத்தில் இளநீர் வெட்டுகிறவர் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது, இன்னைக்கு வெளிய போனியா என்று கேட்டேன். எங்கீங் போறேன், ஆபீசுலதான் என்றாள், காலண்டரைப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்து வந்ததுதான் பச்சை பட்டன். இப்போது எல்லாம் சேர்ந்துவிட்டது, கார், மீசை, நாற்காலி, டார்ச், சுவர், சின்ன ஃபோன். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரே பக்கமாகத் தெரிகிறது.

குக்கர் மறுபடியும் சத்தம் போட்டது. இது மூன்றா, நான்கா? எழுந்து நிறுத்த வேண்டும், நிறுத்தவில்லை. எழுந்தால் ஏதோ முடிந்துவிடும் போல இருக்கிறது. அவள் கீழே வந்ததும் கேட்பதா? என்னவென்று கேட்பது? யாரது என்று கேட்டால் சினிமா மாதிரி இருக்கும். இன்னொரு ஃபோன் எங்க என்று கேட்டால், எந்த ஃபோனுங் என்பாள், நான் முந்நூற்றிருபது என்பேன், அவள் என்னைப் பைத்தியம் என்று நினைப்பாள். உன் பெண்டாட்டி ஒருத்தனோடு போகிறாள் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால், திரை அகலத்தை வைத்து என்று சொல்ல வேண்டி வரும். சிரிப்பு வருகிறது. கேட்காமலே இருந்துவிட்டால் என்ன? கேட்காமல் இருந்தால் அவள் இருப்பாள். இந்த மேஜை இருக்கும், பருப்பு வேகும், ஞாயிற்றுக்கிழமை துணி காயும், காலண்டரைப் பார்த்துக்கொண்டாவது பேசிக்கொண்டிருப்பாள். கேட்டுவிட்டால், ஆமாங் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் நான் இந்த வீட்டில் என்ன செய்வேன்? யாரிடம் காட்டுவேன்? பயமாக இருக்கிறது, கோபம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், கோபமில்லை, பயம்தான். பக்கத்தை மறுபடியும் குறுக்கினேன். மண்டபம் போனது, மேடை போனது, வாடகை போனது, பச்சை வந்தது. இங்கே அமுக்கிக் கூப்பிடுங்கள். என் எழுத்து, நான் தேடிப் பொறுக்கிய பச்சை. அவன் எங்காவது உட்கார்ந்துகொண்டு அந்தச் சின்ன ஃபோனில் அவளைக் கூப்பிடுகிறானா, அதனால்தான் மேலே சத்தமே இல்லையா?

படியில் செருப்புச் சத்தம். மெதுவாக வருகிறது, ஒரு படி, நிற்கிறது, ஒரு படி. பேசிக்கொண்டே வருகிறவர்கள்தான் அப்படி இறங்குவார்கள். காதைக் கொடுத்துக் கேட்டேன், பேச்சு இல்லை, வாளி மட்டும் சுவரில் இடித்தது. கதவு திறந்தது. வெயிலில் நின்றதில் மூஞ்சி சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, ஒரு கையில் காலி வாளி, ஒரு கையில் டார்ச் எரிகிற ஃபோன்.

'பருப்ப நிறுத்துலீங்களா? தீயற வாசம் வருதே' என்றாள். வாளியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அணைத்தாள். அடுப்பின் குமிழைக் கையால் தடவித்தான் பிடித்தாள்.

'கோகிலா, இங்க வா' என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. 'அந்த மண்டபத்துப் பக்கத்தத் தொறந்து காட்டு.'

'அதான் பாத்துட்டனுங்களே. நல்லாருக்குதுன்னு சொன்னனே.'

'எந்த ஃபோன்ல பாத்த?'

'எந்த ஃபோன்லன்னா?' காலண்டரைப் பார்த்தாள். 'எங்கிட்ட எத்தன ஃபோனுங் இருக்குது?'

'அதத்தான் நானும் கேக்கறேன்.'

'சார்ஜ் இல்லீங் மாமா. அப்பறமாக் காட்டறனே.'

'டார்ச் எரியுதில்ல. குடு இங்க.'

நாங்கள் ஒருத்தர் ஃபோனை ஒருத்தர் வாங்கிப் பார்க்கிறவர்கள் இல்லை, அப்படி ஒரு கௌரவம் எங்களுக்குள் இருந்தது. கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. ஃபோனை மேஜை மேலே, லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஈரம் போன பிறகும். நான் எடுத்துத் திறந்தேன். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதே ஃபோன்தான், நான் வாங்கிக் கொடுத்ததுதான், ஓரத்தில் அவள் கீழே போட்ட கீறல்கூட இருக்கிறது. ஆனால் திரை முழுக்க மூன்றே மூன்று படம், ஒவ்வொன்றும் இட்லி அளவு. எழுத்து ஒவ்வொன்றும் கடைப் பலகை எழுத்து மாதிரி. மாமா என்று என் பெயரை வைத்திருந்தாள், அந்த ஒரு பெயருக்கே பாதித் திரை போயிருந்தது. மண்டபத்துப் பக்கத்தைத் திறந்தேன். மேடை இல்லை, மெனு இல்லை, வாடகைப் பட்டியல் இல்லை. அடியில் பட்டையாக, பெரிதாக, பச்சை.

எனக்குத் தெரியாததில்லை. திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்தால் ஃபோன் தன் அகலத்தைக் குறைத்துச் சொல்லும், கையில் இருப்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தான் சின்ன ஃபோன் என்றுதான் பக்கத்திடம் சொல்லும். ஆபீசில் புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வயசானவங்க அப்படி வெச்சுக்குவாங்க, மறந்துராதீங்க என்று சொல்லியிருக்கிறேன். கோகிலாவுக்கு முப்பத்தோரு வயது, நீலத்துக்குள் இருக்கிற சிவப்பைப் பிரித்துச் சொல்கிற கண். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இன்னொரு ஃபோனை அவள் சேலைக்குள் தேடினேன்.

'எதுக்கு இப்படிப் பெருசாக்கி வெச்சிருக்க?' என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் அவள் வேறு ஏதாவது சொல்லட்டும் என்று இருந்தது.

'எழுத்து தெரியறதில்லீங் மாமா.' நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். 'ஆடியில ஒரு லாட்டத் தப்பாப் பாஸ் பண்ணிப்போட்டேன். மூட்டை மூட்டையா அத்தனையும் வேற நெறம். ரங்கராஜ் சாரு கத்தப் போறாருன்னு இருந்தேன். அவரு ரெண்டு துண்டத் தூக்கி முன்னால வெச்சு, இது என்ன நெறம்மான்னு கேட்டாரு. நான் சொன்னேன். அப்பவே அவருக்குப் புரிஞ்சு போச்சு. அவங்க அக்காளுக்கும் இதே மாதிரி நடுக்கண்ணு போச்சுதாம். வேலைய உட்டுத் தூக்காம ஃபோன்ல உக்கார வெச்சிட்டாரு. செவ்வாக்கெழம அவரும் அவரு சம்சாரமும்தான் கோயமுத்தூரு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.'

'சம்சாரமா?'

'பின்னால உக்காந்திருந்தாங்க. அந்தக்கா பக்கத்துலதான் நானும் உக்காந்துட்டுப் போனேன்.'

குமரன் ரோட்டில் வெயிலில் நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றதை அவளிடம் சொல்லவில்லை.

'என்ன சொன்னாங்க ஆஸ்பத்திரில?'

'கண்ணாடி போட்டாலும் ஆகாதுன்னுட்டாங்க. ஆபரேசனும் இல்லையாம். முழுசா இருட்டாயிராது, ஓரமெல்லாம் தெரியும், நடுவுலதான் மசமசன்னு இருக்கும், அது பெருசாகிட்டு வரும்னாங்க. இன்னொரு டெஸ்டு இருக்குது, அதும் வந்ததும் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்.' தலைப்பு நுனியை விரலில் சுற்றினாள். 'பொய்தான். சொல்ற மாதிரி இல்ல. எங்க பெரியம்மாவுக்கு இப்படி ஆனப்ப பெரியப்பா கொண்டாந்து எங்க தாத்தன் ஊட்டுல உட்டுட்டுப் போயிட்டாரு. அது நெனப்புலயே இருக்குது.'

'என்னைய அப்படியா நெனச்ச?' என்றேன். கேட்டுவிட்டு, அவளைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பது நினைவுக்கு வந்தது, அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

'அப்ப இத்தன நாளா நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொன்னதெல்லாம்?'

'ஒண்ணும் தெரியாதுங். கலர் கலரா ஏதோ ஓடும். நீங்க மூஞ்சியத் தூக்கிட்டு நிப்பீங்க, நல்லாருக்குதும்பேன்.' லேசாகச் சிரித்தாள். 'பூதக்கண்ணாடி வாங்கிப் பாத்தேன், ஃபோன் மேல அதப் புடிச்சா இன்னும் கலங்குது. அப்பறம் சாரு சம்சாரம் அந்தக்காதான் இப்படிப் பெருசு பண்ணிக் குடுத்தாங்க. வியாழக்கெழம தொறந்தா, பளிச்சுனு ஒண்ணு தெரிஞ்சுது. உங்க வேலையில ரொம்ப நாளைக்கப்பறம் நான் முழுசாப் பாத்தது அந்தப் பச்சை பட்டன்தானுங் மாமா. அதான் சொன்னேன்.'

எதிர்வீட்டு டிவியில் இப்போது யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பில் நான் குறுக்கி வைத்திருந்த பக்கமும், மேஜையில் அவள் ஃபோனில் இருந்த பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டிலும் அதே பச்சை. யாரும் வாங்காத ஃபோனுக்கு என்று தள்ளிவைத்து, கடைசியில் அரை மனசோடு எழுதிய நாலு வரி. அதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, விட்டுவிட மாட்டேன் என்றோ, நான் ஒரு முட்டாள் என்றோ. அவள் வழக்கம்போல என் தோளுக்கு மேலே, காதோரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடியிலிருந்து அந்தப் பார்வையைத்தான் வெறுத்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது கண்ணுக்குக் கண் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, அவள் பார்க்கிற பக்கமாக நகர்ந்து, அவள் கண்ணுக்கு நேராக என் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

'நகராதீங் மாமா' என்றாள். 'முந்தி இருந்த எடத்துலயே இருங்க. அங்க இருந்தாத்தான் தெரியறீங்க.'

நான் பழைய இடத்துக்கே நகர்ந்தேன். அவள் என் காதோரம் சுவரைப் பார்த்தாள்.